கொண்டைக்குருவி கொத்திய பழம்

வடக்குப்பட்டில் மாசி மாதம் கொல்லைத் தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டால், ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ்கள் தெருமுனையைக் கடந்து போகும் அந்த விடியற்பொழுதிலேயே, வேலியோரத்து முருங்கையிலிருந்து ஒரு ஜோடி கொண்டைக்குருவி இறங்கி வந்து, நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவைத்த பழமாகப் பார்த்துக் கொத்துகிறது. காயை அவை தொடுவதில்லை. செங்காயையும் அநேகமாகத் தொடுவதில்லை. முழுச் சிவப்பேறிய பழத்தின் தோளில் ஒரு துளை செய்து, விதைகளைச் சூழ்ந்த வழுவழுப்பான கூழை உறிஞ்சி, அலகில் ஒட்டிய விதையைக் கொம்பில் இருபுறமும் தேய்த்துத் துடைத்துவிட்டு, வாலடிச் சிவப்புத் தெரியப் பறந்து போகின்றன. இதில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. இந்தப் பட்சிக்கும் மனித ஜாதிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு என்று அறிந்த நாள் முதலாக, அந்தத் துளைபட்ட பழங்களை ஒருவித பந்துபாவத்தோடுதான் பார்த்து வருகிறேன்.

அந்தக் குறையைக் கண்டு சொன்னவர்கள் வங்காளத்தார். 1958ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து ஆர். என். ராய், பீரேஷ் சந்திர குஹா என்ற இருவர் ‘நேச்சர்’ பத்திரிகையில் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். வைட்டமின் சி என்னும் ஜீவசத்தைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும் பிராணி எது, செய்துகொள்ள மாட்டாத பிராணி எது என்பதே அவர்கள் விசாரித்த விஷயம். மனிதனும் குரங்கும் சீமைப்பெருச்சாளியும் மாட்டாதவை என்று அதற்கு முன்பே தெரியும். அந்தச் சிறு கூட்டத்தில் நம் கொண்டைக்குருவியையும் பழந்தின்னி வௌவாலையும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்களே. குஹா, கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்னும் பெரியவரிடம் பயின்றவர். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஜனங்கள் வீதிகளில் விழுந்து மடிந்தபோது, சோயா மொச்சையிலிருந்தும் நிலக்கடலையிலிருந்தும் பால் செய்து பசியாற்ற வழி தேடியவர். பட்டினியைக் கண்முன்னே கண்ட ஒருவர், ஒரு குருவியின் கல்லீரலில் எந்த ரசாயனம் நடக்கிறது, எது நடக்கவில்லை என்று அத்தனை சிரத்தையோடு தேடியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பக்தியே உண்டாகிறது. அவருடைய வழியில் வந்த ஐ. பி. சாட்டர்ஜி இந்த விசாரணையை விரித்து, தவளையும் பல்லியும் இந்தச் சத்தைச் சிறுநீரகத்தில் செய்துகொள்வதையும், ஆடு மாடு முதலிய பாலூட்டிகளில் அந்தத் தொழில் கல்லீரலுக்கு மாறிவிட்டதையும் 1973இல் எடுத்துக்காட்டினார். குருவியினத்தில் இந்தத் திறமை தொலைவதும், பின்னொரு கிளையில் மீண்டும் தலையெடுப்பதுமாக இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

நமக்கோ தொலைந்தது தொலைந்ததுதான். அந்த ஜீவசத்தைச் செய்வதில் கடைசிப் படியை நடத்தும் நொதிக்குரிய மரபணு நம்முடைய எட்டாவது குரோமோசோமில் இன்றும் கிடக்கிறது. ஆனால் பாதி அழிந்து, அர்த்தம் இழந்து கிடக்கிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம்முடைய மூதாதைகளுக்கு இது பழுதாயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷம் முழுவதும் பழமும் தழையும் தின்று வாழ்ந்த ஜீவன்களாகையால் அந்த நஷ்டம் அவர்களுக்கு உறைக்கவே இல்லை. கோயில் மதில்மேல் உட்கார்ந்து தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் குரங்கும் இந்த விஷயத்தில் நம் கட்சிதான். ஆனால் கடவூர் மலைக்காட்டில் இரவில் கண்ணை உருட்டிக்கொண்டு ஊர்ந்து திரியும் தேவாங்கின் குலம், நமக்குத் தூரத்து உறவாயினும், நாம் இழப்பதற்கு முன்பே பிரிந்துபோன கிளையாதலால், அந்தப் பிதுரார்ஜிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரவிய அந்தக் காட்டை 2022இல் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, நாம் இழந்ததைக் காத்துவைத்திருக்கும் ஓர் உறவினருக்கு வீடு கிடைத்தது என்றே நான் சந்தோஷப்பட்டேன்.

அதே 2022இல்தான் எங்கள் வடக்குப்பட்டிலும் மத்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தார்கள். மேலடுக்குகளில் சரித்திர காலத்துப் பண்டங்கள் கிடைத்தன. அவற்றுக்கும் அடியில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அவர்கள் மதிப்பிட்ட கற்கருவிகள் அகப்பட்டன. அந்தக் கற்களைச் செதுக்கிய மனிதன் உழவறியாதவன். வேட்டையாடியும் கிடைத்ததைப் பொறுக்கியும் உண்டவன். ஆனால் அவனுடைய எட்டாவது குரோமோசோமும் என்னுடையதும் ஒன்றே. இலந்தையும் களாவும் காட்டு நெல்லியும் இந்தப் புதர்க்காடுகளில் அவனுக்குப் பழுத்திராவிட்டால், ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, ஆறிய பழம்புண்களும் வாய்திறந்து அவன் மாண்டிருப்பான். இன்று அதே மண்ணில் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஷிப்டு முடித்து அறைக்குத் திரும்பும் பிள்ளைகள், தட்டைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு தக்காளிச் சோறு சாப்பிடுகிறார்கள். காட்டு நெல்லி அவனுக்குச் செய்த உபகாரத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தக்காளி செய்துவருகிறது. வேகும்போது கொஞ்சம் அழிந்துபோனாலும், தினந்தோறும் இலையில் விழுவது அதுதானே?

அந்தப் பழம் தனக்குள் இந்தச் சத்தை எப்படி அமைத்துக்கொள்கிறது என்பது ஓர் அற்புதமான கதை. செடி, வெயிலில் சமைத்த சர்க்கரையைப் படிப்படியாக உருமாற்றிக் காலக்டோஸ் வழியே வைட்டமின் சி ஆக்குகிறது என்பதை 1998இல்தான் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஸ்மிர்னாஃபும் அவருடைய சகாக்களும் தெளிவுபடுத்தினார்கள். பழுக்கும் தறுவாயில் தக்காளிக்கு இரண்டாவது வழி ஒன்றும் திறக்கிறது: காயைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தியிருந்த பெக்டின் கரைந்து பழம் இளகும்போது, அதிலிருந்து பிரியும் அமிலமும் ஜீவசத்தாக மாறுகிறது. விரலால் அமுக்கிப் பார்த்துப் ‘பழுத்துவிட்டது’ என்று நாம் சொல்லும் அந்த இளக்கமே சத்துக்கு மூலதனமாகிறது. உழைத்துத் தேய்ந்த வைட்டமின் சியைப் பிடித்து மறுபடி புதுப்பிக்கும் நொதி ஒன்றும் உண்டு; அதற்குரிய மரபணுக்களில் ஒன்று, பழத்தின் சத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் பகுதியாக ஒன்பதாவது குரோமோசோமில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. தக்காளியின் மரபணுத் தொகுதி முழுவதும் 2012இல் வெளியாயிற்று. அதன் 12 குரோமோசோம்களில் ஐந்தாவதைப் படித்துக் கொடுத்தவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள்.

என் மனம் எல்லாவற்றுக்கும் மேலாக லயிப்பது ஜி.ஜி.பி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு மரபணுவிடம். எவ்வளவு சத்து ஆகவேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் முக்கியமான கை அதனுடையது. அந்த மரபணுவின் செய்தி வாசிக்கப்படும்போது, அசல் செய்திக்கு முன்னால் சின்னஞ்சிறு வாசகம் ஒன்று நிற்கிறது. செல்லில் வைட்டமின் சி நிறைந்துவிட்டால், வாசிக்கும் யந்திரம் அந்த முன்வாசகத்திலேயே தங்கிவிடுகிறது, அசல் செய்தி வாசிக்கப்படுவதில்லை, உற்பத்தி அடங்குகிறது. ஏரி நிரம்பி வயலும் நனைந்தபின் மதகை இறக்கிவிட்டுக் கரையேறும் நீர்க்கட்டியின் பக்குவம் அது. 2015இல் நியூஸிலாந்தின் வில்லியம் லெய்ங்கும் அவருடைய கூட்டத்தாரும் இதை விளக்கினார்கள்.

முன்வாசகத்தை அழித்துவிட்டால் சத்து பெருகுமல்லவா என்ற ஆசை உடனே எழுவது இயல்பு. லெட்டூஸ் கீரையில் அப்படிச் செய்து பார்த்தார்கள், பெருகவும் பெருகிற்று. பிரான்சில் போர்தோவைச் சேர்ந்தவர்கள், அந்தத் தடை பழுதான தக்காளிச் செடிகளை ஆராய்ந்தார்கள். பழத்தில் சத்து பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் மகரந்தம் சரியாக விளையவில்லை. காய்த்த பழத்தில் விதை இல்லை. இந்த ஒரு செய்திக்காகவே இவ்வளவு தூரம் எழுதத் தோன்றிற்று என்றுகூடச் சொல்வேன். செடி தனக்கு வைத்துக்கொண்ட அளவு தன் சந்ததியை உத்தேசித்து வைத்த அளவு. அந்த வரம்புக்குள் நின்று அது மிச்சம் பிடித்துக் கொடுத்ததைத்தான் குருவியும் வௌவாலும் நாமும் உண்டு பிழைத்திருக்கிறோம்.

ஆகவே, தடையை அறுக்காமல் வரம்புக்குள்ளேயே கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று தேடுவதே உசிதமாகப் படுகிறது. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியின் குரோமோசோம் துண்டுகளை நாட்டுச் செடியில் ஏற்றி, எந்தத் துண்டு சத்தைக் கூட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தக்காளியின் மரபணு வளங்களுக்கென்றே ஒரு களஞ்சியம் இருக்கிறது. நம் பெரியகுளத்தில், அன்னஞ்சி என்னும் ஊரின் நாட்டு ரகத்தைத் திருத்தி பி.கே.எம். 1 என்ற ரகத்தை உண்டாக்கியவர்களின் பரம்பரையும் அற்றுப்போகவில்லை. லாரியில் நசுங்காத தோல், நோய் தாங்கும் சக்தி, ஏக்கருக்கு இத்தனை டன் மகசூல் என்று விதைப் பொட்டலங்களில் விவரம் அச்சிடுகிறார்கள். விவசாயிக்கு அவை அவசியமே, ஆட்சேபம் இல்லை. நூறு கிராம் பழத்தில் வைட்டமின் சி இத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரியும் அதன் கீழே சேர்ந்தால், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் விதை வாங்கும்போது அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.