இரண்டாவது சிலிண்டர்

செங்குத்தான புகைக்குழாய் வைத்த டிராக்டரை நிறுத்தியதும், காலிப் பால் டின் ஒன்றை அதன் வாயில் கவிழ்த்துவிட்டுப் போவது பழைய தோட்டத்து வழக்கம். நம் மழைக்கு அது போதும். டின் காற்றில் பறந்தபின் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்ட ஒரு மேசி பெர்குசன் 35, நிபோங் திபால் பக்கம் ஒரு கொட்டகையில் நிற்கிறது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின். ஒரு காலத்தில் பால் டேங்கியை இழுத்த வண்டி. கிராங்க் இம்மியும் அசையவில்லை.

இஞ்சின் பிடித்துக்கொண்டது என்று கேட்டவுடனே பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. மூன்று பிஸ்டனுமா இறுகிப்போகிறது? இஞ்சின் ஓய்ந்து நிற்கும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்திருக்கும். குழாயில் இறங்கிய மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். இரும்பு துருவானால் இடம் அதிகம் கேட்கும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது ஆப்பாக இறங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் மற்ற இரண்டும் அந்த ஒன்றுக்காக நின்றுவிடுகின்றன.

இதை எனக்குக் காட்டியவர் தோட்டத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நாசில்களைக் கழற்றி, டீசலும் ஆட்டோ கியர் எண்ணெயும் கலந்து மூன்று துளையிலும் ஊற்றினார். பிறகு வாரக்கணக்கில் எதுவுமே செய்யவில்லை. நான் போகும்போதெல்லாம் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார்.

“எண்ணெ எறங்குது பாருங்க தம்பி. எறங்குனா வழி இருக்கு.”

இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. “ராடு வளைஞ்சா யாரு நிமித்துறது?”

கிராங்க் நட்டுக்குப் பொருந்தும் பெரிய சாக்கெட் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தையில் கிடைத்தது. நீளக் குழாய் செருகி, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அழுத்தினார். வேகமே இல்லை. ஒரு காலையில் நட்டில் போட்டிருந்த சாக்பீஸ் கோடு நெல்மணி அகலம் நகர்ந்தது. அவர் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினார்! அந்தப் பொறுமை எனக்கு வராது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததே பெரிய பாக்கியம்.

காத்திருந்த நாட்களில் ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசுவார். 1926இல் கட்டிய நீராவிக் கப்பல். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எத்தனை குடும்பங்களைச் சுமந்தது! அவர் அப்பா அதில் வந்தவர். ஊரைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லையாம். கப்பலின் இயந்திரச் சத்தத்தை மட்டும் வாயாலேயே செய்து காட்டுவாராம். பெரியவர் எனக்கும் செய்து காட்டினார், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு.

இஞ்சின் முழுச்சுற்று சுற்றியபின் சம்பில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, ஹெட்டைத் திறந்தோம். ஒன்றும் மூன்றும் பளபளவென்று இருந்தன. இரண்டாவது லைனரில் நகம் மாட்டும் அளவுக்குத் துருக்குழி. மாற்றத்தான் வேண்டும். சென்னையில் டாஃபே 1960களிலிருந்து மேசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. பெர்கின்ஸ் வகை இஞ்சின்களுக்குச் சிம்சன் இருந்தது. அந்த வழியில் உதிரிப்பாகம் தேடச் சொல்லி, அளவுகளை எழுதி அனுப்பியிருக்கிறோம். பெரியவரின் அக்கா மகன் அடுத்த மாதம் சென்னையிலிருந்து வருகிறார். கிடைத்தால் லைனரும் ரிங்கும் அவர் பெட்டியிலேயே வரும்.