மன்னார்குடியில் ஒரு கேசட் தகராறு

மன்னை எக்ஸ்பிரஸில் விடிகாலை மன்னார்குடிக்கு வந்து இறங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பெருமாள் சேவிக்க வருகிறவர்கள். பங்காளிகளோடு நிலத் தகராறு பேசித் தீர்க்க வருகிறவர்கள். நான் மூன்றாவது ரகம். என் தகராறு ஒரு கேசட்டைப் பற்றியது. வயது முப்பத்தைந்துக்கு மேல். (தகராறின் வயது ஸார், என்னுடையது அல்ல!)

நாங்கள் காலேஜ் படித்தபோது ஊருக்கு ரயில் கிடையாது. 2011-ல்தான் மறுபடி வந்தது. அதற்கு முன் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் நடுவில் நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த கேட் மூடித் திறப்பதற்குள் ஒரு கேசட்டின் 'ஏ' சைடை முழுதாகக் கேட்டுவிட்டு, திருப்பிப் போடவும் நேரம் இருக்கும்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்பார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில். தஞ்சை நாயக்கர்கள், முக்கியமாக விஜயராகவ நாயக்கர், இஷ்டத்துக்கு விரிவுபடுத்திவிட்டார்கள். உள்ளே ராஜகோபாலன் ஒரு காதில் குண்டலம், மறு காதில் தோடு, கையில் செண்டு என்று மாடு மேய்க்கக் கிளம்புகிற பையன் மாதிரி நிற்கிறார். பங்குனியில் 18 நாள் திருவிழா. வெண்ணெய்த்தாழி அன்று ஊரே அவர் மேல் வெண்ணெய் வீசும்.

கோயிலை விட்டுக் கொஞ்சம் நடந்தால் ஹரித்ரா நதி. நதி என்றதும் ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். அது குளம்! சுமார் 23 ஏக்கர். நடுவில் வேணுகோபாலனுக்கு ஒரு சன்னதி. குளத்துக்கு நதி என்று பெயர் வைத்த ஊரில், 'இதற்கு எப்படிப் பெயர் வைப்பது?' என்ற தலைப்போடு ஒரு கேசட் வந்தால் நாங்கள் சும்மா இருப்போமா?

வந்தது. 1986-ல். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. சினிமா இல்லை, பாட்டு இல்லை, வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் ஜெர்மன்காரர் பாஹுக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின். 'மௌன ராக'மும் 'புன்னகை மன்ன'னும் வந்த அதே வருஷம், இந்த மனுஷனுக்கு இதற்கும் எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று பந்தலடி டீக்கடையில் பெஞ்சைத் தட்டிப் பேசினோம். 'நாங்கள்' என்றால் நானும் என் சிநேகிதனும். சிநேகிதன் நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கும் கோயில் புறப்பாடுகளுக்கும் வாசிப்பவர். பையனோ பி.காம்.

தியாகராஜர் பிறந்த திருவாரூர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவர் வாழ்ந்த திருவையாறு தஞ்சாவூரைத் தாண்டி. ஆக, எங்கள் ஜில்லாக்காரரை பாஹ் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சம்பந்தம் பேசிய கேசட் அது. எங்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லை.

வினை 1988-ல் வந்தது. பெயர் 'நத்திங் பட் விண்ட்'.

புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராஸியா. பின்னால் ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. மொத்தம் ஐந்தே உருப்படி. அதில் ஒன்றின் பெயரே 'மொஸார்ட் ஐ லவ் யூ'. இருவரும் பாதிப் பாதி காசு போட்டு ஒரிஜினல் கேசட் வாங்கினோம். பதிவு பண்ணி வாங்கினால் ராஜாவுக்குத் துரோகமாம். (மற்ற தொண்ணூறு கேசட்டுகளும் பதிவு பண்ணியவைதான். அது வேறு விஷயம்.)

ஊரில் அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கேசட் கடை அண்ணன் வாயாலேயே கேட்க வேண்டும்.

"தம்பி, ஒருத்தர் வாங்கிட்டுப் போயி சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்துட்டாரு. 'ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டேன், பாட்டே வரல, கேசட்டு ரிப்பேரு'ங்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? 'இது ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றதுக்குண்ணே'ன்னு சமாளிச்சேன். அதுக்கப்புறம் ஆம்ப்ளிஃபயர் வாங்குறவன்லாம் இதைக் கேட்டு வாங்கிட்டுப் போறான்!"

கோயில் பக்கத்து சங்கீத ரசிகர் ஒருவர், "நம்ம நெப்போலியன் இல்லியா, பம்பாயிலேர்ந்து ஆள் வரணுமா?" என்று கேட்டார். 'அக்னி நட்சத்திரம்' பாட்டுக்குப் பித்துப் பிடித்துத் திரிந்த ஜூனியர் பையன்களோ, "நல்லாத்தாண்ணே இருக்கு, தூக்கம் நல்லா வருது" என்றார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். சிநேகிதன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் வீட்டுத் திண்ணை. ராத்திரி எட்டு மணி இருக்கும். டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னான்: "மாப்ளே, போன கேசட்டு மாதிரி இல்லடா. நடுவுல நடுவுல சவ்வா இழுக்குது. தலைப்புலயே ஒத்துக்கிட்டாரு பாரு, காத்தைத் தவிர ஒண்ணுமில்லேன்னு!"

இன்றைக்கு யோசித்தால் நல்ல ஜோக். அன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்தது. 'அன்னக்கிளி' வந்து பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு இத்தனை படம் என்று உழைக்கிற மனுஷன், தூங்குகிற நேரத்தில் எடுத்து எழுதியது, உனக்குச் சவ்வா? வார்த்தை தடித்தது. கடைசியில் நான் சொன்னேன்:

"நாயனம் ஊதுற வீட்லேர்ந்துக்கிட்டு மொஸார்ட்டப் பத்திப் பேசுறியாடா நீ?"

அவன் பதில் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேசட் அங்கேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய் எடுத்துவரத் தைரியமில்லை. பரீட்சை வந்தது, சென்னையில் வேலை வந்தது, கல்யாணம் வந்தது. ஊர்க் கல்யாணங்களில் தூரத்திலிருந்து தலையாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான்.

பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகப் பாடி, மெட்ராஸுக்கு வந்து மேல்நாட்டு சங்கீதம் படித்த ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேனே நான், அவரிடமும் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! 'எந்த ஊரு, என்ன வீடு, உனக்கெதுக்கு சிம்பொனி?' அந்த ஆட்களில் ஒருவனாக ஒரே ஒரு நிமிஷத்தில் நான் ஆகிவிட்டேன். அதுவும் அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று!

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை ஸார். அமெரிக்காவில் பாப் டிலன் 1965-ல் நியூபோர்ட் விழாவில் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதற்கு அவருடைய ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். மெட்டாலிகா என்று ஒரு ராக் கோஷ்டி, 1996-ல் 'லோட்' என்று ஆல்பம் போட்டது. பாதிப் பாட்டு தேறாது என்று ஒரு கட்சி, தேறும் என்று ஒரு கட்சி. அவர்கள் முடி வெட்டிக்கொண்டதற்கு அழுதவர்கள் தனிக் கட்சி! எந்தக் கலைஞனுக்கும் நடுவில் ஒரு மேடு பள்ளமான ஆல்பம் வருகிறது. அது அவனைவிட அவன் ரசிகர்களைத்தான் அதிகம் சோதிக்கிறது.

2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. ஆபீஸில் எல்லோரும் செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே நினைப்புதான் ஓடியது. 'அவன் இதைப் பற்றி என்ன சொல்வான்?' லீவு போட்டேன். டிக்கெட் எடுத்தேன்.

தெற்கு வீதிப் பக்கம் அதே சந்து. திண்ணையில் பாதியை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணியிருந்தார்கள். வாசலில் அவன். தலையில் என்னைவிட முடி அதிகம். (இது ஒரு தனி வயிற்றெரிச்சல்.)

"வாடா" என்றான். போன வாரம்தான் பார்த்த மாதிரி. உள்ளேயிருந்து அவன் மனைவி, "வாங்கண்ணே, நல்லா இருக்கீங்களா? காபி கொண்டாறேன்" என்றார். நான் யார் என்று யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை என்பது என்னவோ செய்தது.

காபி வந்தது. ஊர்க்கதை ஓடியது. மழை, சம்பா, பென்ஷன், முழங்கால் வலி. கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"எது?" என்றான். தெரியாமல் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியும்."

"தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தாரு."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கோவப்பட்டாரா?"

"ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. மூணாம் நாள் சாயரட்சைக்கு வாசிச்சிட்டு வந்து, 'அந்தத் தம்பி விட்டுட்டுப் போன கேசட்டப் போடு'ன்னாரு. ரெண்டு பக்கமும் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு. மறுநாள் ஒரு தடவ. அதுக்கு மறுநாள் ஒரு தடவ. அப்புறந்தான் வாயத் தொறந்தாரு."

அந்தப் பெரியவர் சொன்னதை அவன் சொன்னபடியே தருகிறேன். இந்த ஆல்பத்தைப் பற்றி இதைவிடச் சிறப்பான விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

"புல்லாங்குழல்காரரு பெரிய ஆளு. வடக்கத்தி வழக்கம், ஒரு சுரத்துல நின்னு அனுபவிச்சு அப்புறந்தான் அடுத்ததுக்குப் போவாரு. நின்னா இவரு ராஜா. ஆனா பின்னால அம்பது பேரு காயிதத்தப் பாத்து வாசிக்கிறான். காயிதம் நிக்காதுல்ல? சில எடத்துல அந்தக் காயிதம் இவரைப் புடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போவுது. அங்கதான் உனக்குச் சவ்வாத் தெரியுது. சில எடத்துல இவரு ஒரே மூச்சுல அந்த அம்பது பேரையும் தூக்கிக்கிட்டுப் போறாரு. அங்கதான் உன் சிநேகிதனுக்குச் சாமி தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரு சொன்னதும் நெசந்தான். அவனவன் கேட்ட எடம் வேற."

இன்னொன்றும் சொன்னாராம்.

"நாயனத்துல ஊதுற காத்து முழுக்க சீவாளி வழியா உள்ள போயிடும். புல்லாங்குழல்ல அப்படி இல்ல. பாதி உள்ள போவும், பாதி வெளிய தப்பிப் போயிடும். தப்பிப் போற காத்தும் சேந்துதான் அந்த நாதம். தப்பே இல்லாம ஊதணும்னா அவன் ஊதாமத்தான் இருக்கணும். ராஜரத்தினம் பிள்ளைக்கே எல்லா ராத்திரியும் தோடி ஒரே மாதிரியா வந்திருக்கும்? வராத ராத்திரியும் போயிக் கேக்குறவன்தான்டா ரசிகன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லணும். ஆனா எழுந்து போயிடக் கூடாது."

எழுந்து போனவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மன்னிச்சிடுடா" என்றேன்.

"எனக்குச் சரி" என்றான் அவன். "அவருகிட்ட சொல்ல முடியாதே. போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. அவனும் பதிலை எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். உறை போட்ட நாயனம். அதன் பக்கத்தில் சீவாளிகள் வைக்கிற சின்ன டப்பா. அதற்கும் பக்கத்தில் என் கேசட். உறையின் கலர் வெளுத்திருந்தது. தூசி மட்டும் இல்லை.

"ஒன் கேசட்டு. பாதி என்னோடது."

சாயங்காலம் ஹரித்ரா நதிக் கரையில் போய் உட்கார்ந்தோம். ஊரில் எந்த வீட்டிலும் டேப் ரிக்கார்டர் ஓடுகிற நிலையில் இல்லை. அவன் பையனின் செல்போனில் தேடிப் போட்டு, ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். ஒரு காதில் குண்டலம், மறு காதில் தோடு மாதிரி! குளத்துக் காற்று சில்லென்று வந்தது. நடுச் சன்னதியில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

தலைப்பு உருப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் அவன் என் கையைத் தட்டினான். "இங்கதான்டா. அப்பா சொன்ன எடம்." எனக்கு அந்த இடத்தில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் போடச் சொன்னேன். மூன்றாவது தடவை தெரிந்தது. வயலின்கள் பின்னால் நிற்க, ஒற்றை மூச்சு தனியாகத் தண்ணீரைத் தாண்டிப் போனது.

"இப்ப என்னடா சொல்றே?" என்றேன்.

"'ஹவ் டு நேம் இட்'தான்டா ஒசத்தி" என்றான். "இது நடுவுல சவ்வுதான்."

"சரி, லண்டன் சிம்பொனி?"

"அதை இன்னும் மூணு தடவ கேக்கணும். அப்புறம் சொல்றேன்."

நான் எழுந்து போகவில்லை. ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸுக்கு நேரம் இருந்தது.