ஓரியூர் செம்மணலில்

திருவாடானையைத் தாண்டி ஓரியூரை நோக்கிச் செல்கையில், வானம் பார்த்த வயல்களும் கருவேல மரங்களுமே நமக்கு வழித்துணை. பொட்டல் வெளியாகத் தோன்றும் இந்தச் சீமைக்கு, போர்த்துக்கல் அரச மாளிகையில் வளர்ந்த ஒருவர் உயிரைக் கொடுக்க வந்தார் என்பது நேரில் கண்டால்தான் வியப்பைத் தருகிறது.

லிஸ்பனில் 1647-ல் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ; நமக்கு அருளானந்தர். சிறுவனாக நோயுற்றுக் கிடந்தபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபை அங்கியை அணிவிப்பதாகப் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார் அன்னை பெயாத்ரிஸ். அங்கி ஓராண்டில் கழன்றது, ஆவல் கழலவில்லை. 1662-ல் அவர் சபையிலேயே சேர்ந்தார். பின்னர் இந்தியா செல்லப் புறப்பட்டபோது, நேர்ந்துகொண்ட அதே தாய் தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தித் தடுக்க முயன்றார். தாயுள்ளத்தை யார் குறைகூற இயலும்? 1673-ல் கப்பல் புறப்பட்டே விட்டது.

ஆர்வம் வேறு, அழைத்தல் வேறு. இளமை வேகத்தில் கப்பலேறியவர் பலர். அருளானந்தரின் அழைத்தல் உரைத்துப் பார்க்கப்பட்டது 1686-க்குப் பின்னரே என்பது நம் எண்ணம். அவ்வாண்டு மறவ நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாகி, விடுதலை பெற்றார். சபைப் பணிக்காக லிஸ்பன் அனுப்பப்பட்டார். அங்கு மன்னர் இரண்டாம் பேதுரு, தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி வேண்டினார். அரண்மனையிலும் நற்பணி ஆற்றலாமே! மறுத்தற்கரிய அழைப்பு அது. ஆனால் அவரோ அங்கேயும் பண்டாரசாமியாகவே மரக்கறி உண்டு, தரையில் படுத்து, செபத்தில் நிலைத்தார். 1690-ல் மறுபடியும் இந்தியா திரும்பினார்.

தடியத்தேவர் திருமுழுக்குப் பெற ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று, இம்மணலில் அருளானந்தரின் தலை வீழ்ந்தது. முந்திய நாள் சிறையிலிருந்து எழுதிய மடலில், நெடுநாள் வேண்டிக்கொண்ட வரத்திற்காகக் காத்திருப்பவரைப்போல் அவர் மரணத்தை எதிர்நோக்கியிருந்தார். அவரது இரத்தத்தால் மண் சிவந்ததென மக்கள் நம்புகின்றனர், அள்ளியும் செல்கின்றனர்.

நாம் சென்ற அன்று மணல்மேட்டருகே ஒரு தம்பதியரைக் கண்டோம். ஒரே மகன் குருமடம் சேர விரும்புகிறானாம்.

"அவன் மனசு மாறணும்னுதான் ஐயா வேண்டிக்க வந்தேன்" என்றார் அந்த அம்மையார், ஒளிவுமறைவின்றி. கணவர் தலைகுனிந்தார்.

அறிவுரை சொல்ல நமக்குத் துணிவில்லை. அன்னை பெயாத்ரிஸைப் பற்றி மட்டும் சொன்னோம். மகனின் மறைசாட்சிய மரணச் செய்தி கிட்டியபோது அவர் துக்க உடை அணியாமல் விழாக்கால உடையில் அரண்மனைக்குச் சென்றதாக வரலாறுகள் கூறுவதையும் சொன்னோம்.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தடுக்கப் பார்த்த அந்தத் தாய்க்கு, இப்படி மனசு வர எத்தனை வருஷம் ஆச்சு ஐயா?"

1673-ஐயும் 1693-ஐயும் கணக்கிட்டு, "இருபது ஆண்டுகள்" என்றோம்.

அவர் குனிந்து ஒரு பிடி செம்மணலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மகன் சற்றுத் தொலைவில், கோவில் வாயிலில் நின்றுகொண்டிருந்தான்.