தெள்ளுக்கு மருந்து

சென்ற விடுமுறையில் வலிகாமத்திலுள்ள எமது வீட்டுக்குச் சென்றபோது, மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த என் அறையில் என்னை வரவேற்றவை தெள்ளுகளே. உள்ளே கால் வைத்த சிறிது நேரத்தில் கணுக்காலைச் சுற்றிச் செந்நிறப் புள்ளிகள் தோன்றின. நான் இல்லாத காலத்தில் பூனை யன்னலாற் புகுந்து என் கட்டிலின்கீழ்ப் படுத்திருக்கிறது. விறாந்தையில் நாய் உண்பதையும் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தது.

அம்மம்மா பதற்றமடையவில்லை. வேப்பிலை அவித்து ஆறவைத்த நீரில் நாயைக் குளிப்பாட்டினார். அந்நீரில் நனைத்த துணியாற் பூனையைத் துடைத்தார். நாய் படுக்கும் சாக்கை எரித்தார். பாய்களை நண்பகல் வெயிலில் விரித்தார். கட்டிலின்கீழும் கதவிடுக்கிலும் கூட்டிக் குப்பையைக் கொளுத்தினார். மூன்று நாட்கள் இதையே செய்தார். நான்காம் நாளும் தெள்ளுக் கடித்தது.

கலைப்பீட மாணவனாயினும் நான் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவன் என்றொரு நினைப்பு எனக்கு உண்டு. கடையொன்றில் நாய்களுக்கான மருந்தை வாங்கிவந்து நாயின் முதுகில் விட்டேன். எஞ்சியதைப் பூனைக்கும் விட்டேன்.

"உது நாள் முழுக்கத் தன்ரை மேலை நக்கிற சீவன். அதுக்கு நஞ்சைப் பூசுறியோ மோனே?" என்றார் அம்மம்மா. நான் சிரித்தேன்.

அன்றிரவு பூனையின் காதுகள் துடிக்கத் தொடங்கின. பின்னர் உடல் முழுவதும் நடுங்கியது. சவர்க்காரமிட்டுக் கழுவினோம். விடியுமுன் அது இறந்துவிட்டது.

காலையில் போத்தலை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் சென்றேன். அதிலிருந்தது பெர்மெத்திரின். நாயின் ஈரல் அதனை எளிதிற் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதியம் மிகக் குறைவு. போத்தலின் ஓரத்தில் இது சிற்றெழுத்தில், ஆங்கிலத்தில், அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நான் அதை வாசிக்கவில்லை.

இதனைக் கொண்டு இயற்கை மருந்தே நன்று, இரசாயனமே தீது என்று முடிவுகட்ட என்னால் இயலவில்லை. சாமந்தியின் உறவான பைரத்திரம் என்ற பூவிலுள்ள பூச்சிகொல்லிப் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே 1973இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தார் பெர்மெத்திரினை வெளிப்படுத்தினர். மறுபுறம், எங்கள் தோட்டத்துப் புகையிலையும் இயற்கைதான். அதன் சாற்றிலுள்ள நிக்கொட்டின் நாயையே கொல்லவல்லது. ஆகவே அம்மம்மா ஒருநாளும் புகையிலைத் தண்ணீரை மிருகங்களுக்கு அண்டவிட்டதில்லை. வேம்பு நஞ்சன்று என்பதற்காக அது தெள்ளை முடித்துவிடும் என்பதுமில்லை. பூச்சியின் வளர்ச்சியை அது குழப்பும். வளர்ந்த தெள்ளை உடனே கொல்லாது.

உண்மையில் நாங்கள் இருவரும் மிருகத்தின் மேனியைப் பற்றியே வாதிட்டுக் கொண்டிருந்தோம். தெள்ளுக் கூட்டத்தில் 100க்கு 5 அளவே மிருகத்தின் உடலில் வாழ்கின்றதாம். முட்டைகள் உரோமத்திலிருந்து உதிர்ந்து தரையில் விழுகின்றன. குடம்பிகள் வெளிச்சத்துக்கு அஞ்சித் தூசியினுள் ஒளிகின்றன. ஈரமின்றேல் உலர்ந்து இறக்கின்றன. கூட்டுப்புழுவோ மாதக்கணக்கிற் காத்திருந்து, காலடியின் அதிர்வையும் உடற்சூட்டையும் உணர்ந்ததும் வெளிப்படுகின்றது. பூட்டிய அறையில் என்னை வரவேற்ற கூட்டம் அத்தகையதே. அம்மம்மாவின் வைத்தியத்தில் வேப்பிலையைவிட விளக்குமாறும் வெயிலுமே வலிமை கூடியவை. ஆனால் கூட்டினுள் இருப்பவை வெளிவந்து தீரும்வரை வாரக்கணக்கில் அவற்றைத் தொடரவேண்டும். நான் நான்காம் நாளே பொறுமையிழந்தேன்.

பூனையை வேலியோரத்திற் புதைத்தோம். அம்மம்மா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள், "பூனைக்கு விடவேண்டாம்" எனப் பெரிய எழுத்தில் எழுதிப் போத்தலில் ஒட்டினேன். அம்மம்மா கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு முறை வாசித்தார். பின்னர், நாய்க்கு எத்தனை நாளுக்கொருமுறை விடவேண்டும் என்று கேட்டார்.