பூட்டன் பெயரை வாசித்தேன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதையெல்லாம் வராது என்றேன். "அப்ப ஒங்க வீட்டுக் கதைய எழுதுடா" என்றார். எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். அப்பத்தாவுக்குக் கைநாட்டு. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, அப்பத்தாவின் தகரப்பெட்டிக்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, கறுத்துப்போய்! கூடவே ஒரு மக்கிய ரிப்பன். நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு.

"எங்கய்யா பட்டாளத்துல வாங்குனது. புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும்" என்று எழுந்தார் அப்பத்தா. நான் தடுத்துவிட்டேன். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும். பின்பக்கம் என்னவோ பொறித்திருந்தது.

அப்பத்தாவின் அய்யா எனக்குப் பூட்டன். அவரைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான்: பயந்தாங்கொள்ளி. பட்டாளத்தில் சோறு பொங்கிவிட்டு வந்தவர், துப்பாக்கியே பிடிக்காதவர் என்பார்கள். திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் மாட்டுத் தொழுவத்துக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டை அந்தப் பட்டப்பெயரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

பதக்கத்தைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். முன்பக்கம் 'தி பர்மா ஸ்டார்'. பின்பக்கம் ஓர் எண், 'செப்', ஓர் எழுத்து விட்டுப்போன பூட்டன் பெயர், 'மெட்ராஸ் ஆர்'. எல்லாம் ஆங்கில எழுத்து. எழுபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது, வாசிக்க ஆளில்லாமல்!

என்.சி.சி. சாரிடம் காட்டினேன். "செப்னா சிப்பாய். சமையல்காரரா இருந்தா குக்குன்னே போட்டிருப்பான். ஆர்னா ரெஜிமெண்ட். உன் பூட்டன் காலாட்படைக்காரர்டா" என்றார். சோறு பொங்குவது ஒன்றும் கேவலமில்லை நண்பர்களே. ஆனால் ஊர் சொன்னது பொய்.

லைப்ரரியில் தேடிப் படித்தேன். தென்னாட்டுக்காரர்கள் போர் செய்யும் இனமில்லை என்ற எண்ணம் வெள்ளைக்காரர்களுக்கு இருந்தது. பழைய மெட்ராஸ் ரெஜிமெண்டை 1928-க்குள் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மறுபடி திரட்டினார்கள். 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945-ல் 25 லட்சமானது. கட்டாயப்படுத்திச் சேர்த்ததில்லை, அத்தனை பேரும் தானாகப் போய்ச் சேர்ந்தவர்கள். 1944-ல் ஜப்பான் படை இம்பால், கோஹிமா வரை வந்து, அங்கேயே முறியடிக்கப்பட்டது. பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்ததுதான் இந்த நட்சத்திரம். பூட்டன் எந்தக் காட்டில் நின்றார், எதைப் பார்த்தார் என்பதை அது சொல்லாது. ஆனால் அங்கே இருந்தார் என்று சொல்லும்.

போரில் இருந்து திரும்பியவர்களுக்குச் சத்தம் கேட்டால் பழைய பயம் திரும்பி வருவது ஒரு நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல்தான் அதற்குத் தனிப்பெயர் வைத்தது. இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது. பூட்டன் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு ஏழெட்டு வயசுய்யா. மத்த புள்ளைக சொல்லுச்சுன்னு நானும் ஒரு ஓலைவெடியக் கொளுத்தித் தொழுவத்துக்குள்ள போட்டேன். எங்கய்யா கன்னுக்குட்டியக் கட்டிப்புடிச்சு நடுங்குனாரு. நான் சிரிச்சேன்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "அப்ப ஒனக்குத் தெரியாதுல்ல அப்பத்தா" என்றேன். "அவரு சொல்லலியேய்யா" என்றார். அப்புறம் பதக்கத்தை என் கையில் கொடுத்து, "எங்கய்யா பேரு எங்க இருக்கு? வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்க வாசி" என்றார். அன்றைக்கு நாலைந்து முறை வாசித்திருப்பேன். அந்த எழுத்தின்மேல் அவர் விரலைப் பிடித்து வைத்தேன், தடவிப் பார்த்துக்கொண்டார்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் நம் நீலகிரி வெலிங்டனில்தான் இருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதப்போகிறேன்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்தால் வேலை கிடைக்கும் என்றுதான் என்னை அனுப்பினார்கள். கிடைக்கட்டும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்க ஆளில்லாமல் அதில் ஒரு பெயர் காத்திருக்கலாம். நமக்குத்தான் வாசிக்கத் தெரியுமே!



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்