அத்தோவின் பெயரைத் தேடி

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒரு பக்கம் துறைமுகம், சுற்றிலும் வங்கிகள், கப்பல் ஏஜென்சி அலுவலகங்கள். வேலை முடிந்து பீச் ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்கள் அந்த வண்டிகளைக் கண்டதும் நின்றுவிடுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளி எவர்சில்வர் பேசினில் போடுவார் வண்டிக்காரர். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், வறுத்த பூண்டு ஊறிய எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி, கடைசியாக நொறுக்கிய பேஜோ. எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைப்பார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அதுதான் அத்தோ.

இருபது வருடமாக அங்கே சாப்பிட்டு வருகிறேன். போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அக்கா மகளை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் புனித ஜார்ஜ் கோட்டை, 1680இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம், பிறகு உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள், பாரிமுனை, அர்மீனியன் தெரு. ஒவ்வொரு இடத்திலும் அவள் ஏதாவது கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயங்காலம் வண்டி முன் நின்றபோது, முதல் வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்:

“மாமா, அத்தோன்னா என்ன அர்த்தம்?”

கோட்டையின் வயது தெரிந்த எனக்கு, கையில் இருந்த தட்டின் பெயருக்குப் பொருள் தெரியவில்லை. வண்டிக்காரரிடம் கேட்டேன். “அது பர்மா பேரு சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் சொல்றோம்” என்றார். அடுத்த வண்டியில், “அத்தோன்னா நூடுல்ஸ்தான்” என்றார்கள். அதற்கும் அடுத்த வண்டியில் ஒரு பெண், “பர்மாவுல சாலட்டை அப்படிச் சொல்வாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்ணா” என்றார். ஒரே தெருவில், இருபது அடிக்குள், மூன்று பதில்கள். அன்றைக்கே இந்தத் தேடல் தொடங்கிவிட்டது.

முதலில் இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அத்தோ வண்டிகள் ஏன் தி.நகரிலோ மயிலாப்பூரிலோ முளைக்காமல் இங்கே முளைத்தன? விடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலையோரம் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் கடைகள்தான் பர்மா பஜார். ஒரு காலத்தில் வெளிநாட்டு வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர் வேண்டுமென்றால் தமிழ்நாடே இங்கேதான் வரும். இன்று மின்னணுச் சாமான்களும் செல்போன் உதிரிகளும் அதிகம். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969இல் அமைக்கப்பட்ட கடைவீதி அது.

தெருக்களின் பெயரிலும் பழைய கதை ஒன்று இருக்கிறது. ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். துறைமுகம் கட்டுவதற்கு முன் கடல் அந்தச் சாலை வரை வந்து போகும். கடலைப் பார்த்த முதல் வரிசைக் கட்டடங்கள் ஃபர்ஸ்ட் லைன். அதற்குப் பின்னால் இருந்தது செகண்ட் லைன். துறைமுகம் வந்ததும் அலை கிழக்கே ஒதுங்கியது. கப்பல் வந்து சேரும் இடமும், கப்பலில் வந்தவர்கள் கடை போட்ட இடமும், அவர்கள் சமைத்துக் கொடுத்த இடமும் ஒரு கல்லெறி தூரத்துக்குள் அடங்கியது இப்படித்தான்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? கன்னிமாரா நூலகத்தில் சில சனிக்கிழமைகள் உட்கார்ந்தேன். 1962 மார்ச் 2ஆம் தேதி பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு வருடங்களில் வங்கிகள், ஆலைகள், மொத்த வியாபாரம், கடைகள் என்று எல்லாம் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையிருப்பு முழுவதையும் பெரிய நோட்டாக வைத்திருந்த வியாபாரக் குடும்பங்கள் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றன. அந்த வருடங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும் பகுதி தமிழர்கள்.

ஆனால் வந்த கதை மட்டும் தெரிந்தால் போதாது, போன கதையும் தெரிய வேண்டும். அதற்கான ஒரு தடயத்தை அக்கா மகளோடு பார்த்துவிட்டு, கவனிக்காமல் கடந்து வந்திருந்தேன். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியதன் நினைவுக் கல் அது. பயமறியாத ஆளை ‘எம்டன்’ என்று இன்றும் நம் ஊரில் சொல்கிறோம். அந்த இரவில் பற்றி எரிந்தவை துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகள். அவை பர்மா ஆயில் கம்பெனிக்குச் சொந்தமானவை. பர்மாவிலிருந்து சென்னைக்கு மண்ணெண்ணெய் வந்தது, அரிசி வந்தது, செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குத் தேக்கு வந்தது. இங்கிருந்து ஆட்கள் போனார்கள்.

1852இல் ரங்கூனையும், 1885இல் தொடங்கிய போரில் மீதிப் பர்மாவையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். கடவுச்சீட்டு வேண்டாம், கப்பல் டிக்கெட் இருந்தால் போதும். ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடு திருத்தி நெல் வயலாக்கப்பட்டபோது, அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நகரத்தார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அவர்கள் கைக்கு மாறியது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. பர்மியர்களுக்கு நம்மவர்கள் மீது ஏற்பட்ட கசப்புக்கு இது ஒரு காரணம். நம் பக்கத்துக் கதையைச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது. அதே சமயம், போனவர்களில் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர்கள் இல்லை. அறுவடைக் கூலிகள், அரிசி ஆலைத் தொழிலாளிகள், சிறு கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

அங்கிருந்து முதல் பெரிய ஓட்டம் 1964இல் நடக்கவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். பல்லாயிரம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் கதை ரங்கூனில் தொடங்குவதும், சிவாஜியின் குணசேகரன் போர்க்காலத்தில் அங்கிருந்து ஊர் திரும்புவதும் அன்றைய பார்வையாளர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

இவ்வளவு படித்தும் அத்தோ என்ற சொல்லுக்கு அருகில்கூட நான் போகவில்லை. புத்தகங்களில் அரிசி ஏற்றுமதியின் கணக்கு இருந்தது, அரிசி தின்றவர்களின் அடுக்களை இல்லை. மூன்றாவது வண்டிக்காரப் பெண்தான் வழி காட்டினார். “வியாசர்பாடியில எங்க பெரியம்மா இருக்காங்கண்ணா. ரங்கூன்லயே பொறந்தவங்க. அவங்களைக் கேளுங்க.”

எழுபது கடந்த அந்த அம்மாவின் வீடு மிகச் சிறியது. சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பர்மிய லுங்கி கட்டிய இளம்பெண், தலையில் மல்லிகைப்பூ. “எங்க அம்மா” என்றார். நான் கேட்க வந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டி விரல்களை மடக்கி விரித்தார்.

“இதுதான் தம்பி அத்தோ. கையால பிசையறது. பர்மாவுல ‘தோ’ன்னா பிசையறது, கலக்கறது. ‘லெ’ன்னா கை. எங்க தெருவுல வித்தது ‘லெத்தோ’. இஞ்சியைப் பிசைஞ்சா ‘ஜின் தோ’. ஊறவச்ச தேயிலையைப் பிசைஞ்சா ‘லபெத் தோ’. நூடுல்ஸைப் பிசைஞ்சா ‘கவுஸ்வே தோ’. அத்தோன்னு தனியா ஒரு பண்டம் கிடையாது. பிசைஞ்சது எல்லாமே அத்தோதான்.”

பிற்பாடு, சென்னைக்குப் படிக்க வந்திருந்த ஒரு மியான்மர் மாணவரைக் கொண்டு சரிபார்த்தேன். அவர் சொல்லிக் காட்டியபோது முடிவில் ஒரு மெய்யெழுத்து தொண்டையிலேயே அடைபட்டு நின்றது. எழுத்தில் இருக்கும், வாயிலிருந்து வெளியே வராது. தமிழ்க் காது அந்த அடைப்பை விட்டுவிட்டு ‘அத்தோ’ என்று எடுத்துக்கொண்டது. பேஜோவும் அப்படித்தான். ‘பே’ என்றால் பருப்பு, ‘ஜோ’ என்றால் பொரித்தது.

அந்த மூன்று வண்டிகளுக்குத் திரும்பி வருகிறேன். பர்மாப் பெயர் என்றவர் சொன்னது சரி. சாலட் என்றவர் சொன்னதும் ஏறக்குறைய சரி. நூடுல்ஸ் என்றவர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தார். பர்மியத்தில் எதைப் பிசைந்தார்கள் என்பது முன்னால் வரும், பிசைந்தது என்பது பின்னால் வரும். கடல் தாண்டி வந்தபோது முன்பாதி உதிர்ந்துபோனது. இஞ்சியும் தேயிலையும் இங்கே பிசைபடவில்லை. நூடுல்ஸ் ஒன்றுதான் பிழைத்தது. எனவே பிசைதல் என்ற வினையே இங்கே அந்தப் பண்டத்தின் பெயராகிவிட்டது. அவர் சொன்னது பர்மாவில் தப்பு, சென்னையில் சரி.

சூப்பைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. “அது மொகிங்கா தம்பி. மீன் போட்டுக் காய்ச்சணும். வாழைத்தண்டு அதுல ஒரு சேர்மானம்தான். எங்க அப்பா இங்க வண்டி போட்டப்ப, மீன் போட்டா பாதிப் பேர் சாப்பிட மாட்டாங்கன்னு மீனை எடுத்துட்டாரு. எடுத்த அன்னைக்கு எங்கம்மா அந்தச் சூப்பைக் குடிக்கல.”

சமையல் குறிப்பில் ஒரு பொருளை நீக்குவது சின்ன விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊரை இழந்த குடும்பத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

“எந்த வருஷம்மா வந்தீங்க?”

“அறுபத்தஞ்சு. எனக்குப் பதினோரு வயசு. போட்டிருந்த தோட்டைக்கூடக் கழட்டி வாங்கிக்கிட்டுத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. மெட்ராஸ் வர்றப்போ ராத்திரி. தூரத்துல ஒரு விளக்கு சுத்திச் சுத்தி வந்துச்சு. ‘அதான் கோர்ட்டு விளக்கு, ஊர் வந்துடுச்சு’ன்னு அப்பா சொன்னாரு. எனக்கு ஊர்னா ரங்கூன்தான். காளி கோயில் தெருதான். இவரு எந்த ஊரைச் சொல்றாருன்னு புரியல.”

1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுரத்தில் கலங்கரை விளக்கு இருந்தது. மெரினாவின் இன்றைய கலங்கரை விளக்கத்துக்கு அந்த வேலை மாறிய 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான். அக்கா மகளுக்கு அந்தக் கோபுரத்தைக் காட்டியபோது இந்தோ-சாரசெனிக் கட்டடக்கலை என்று சொன்னேன். இனி யாருக்காவது காட்டினால், பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கப்பல் தளத்திலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்ததைத்தான் முதலில் சொல்வேன்.

வந்த எல்லோரும் இங்கே நிலைகொள்ளவில்லை. சிலர் பிறந்த மண்ணுக்கே திரும்பிப் போக நினைத்து மணிப்பூர் எல்லை வரை போனார்கள். பர்மா உள்ளே விடவில்லை. தமிழ்நாட்டுக்கும் திரும்பாமல் மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. காரைக்குடி, திருச்சி, தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டிலேயே எத்தனை பர்மா காலனிகள்!

விடைபெறும்போது, பர்மாவில் நம்முடையது ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். “ஏன் இல்லாம? தோசை இருக்கே” என்றார். உண்மைதான். இன்றைய யாங்கோன் தெருக்களில் பர்மியர்கள் விரும்பிச் சாப்பிடும் பலகாரங்களில் ஒன்று ‘தோஷே’. 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலும் நகரின் நடுவே இன்னும் நிற்கிறது. அவர்கள் சொல்லின் முன்பாதியை விட்டுவிட்டு அத்தோவை நாம் வைத்துக்கொண்டோம். ‘சை’யை ‘ஷே’யாக்கித் தோசையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நிலமும் பணமும் கடையும் பறிபோன ஒரு வரலாற்றில், இரு பக்கமும் யாரும் பறிக்க முடியாமல் தங்கியது இது ஒன்றுதான்.

சென்னைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையைப் பாருங்கள், நீதிமன்றக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். பொழுது சாய்ந்ததும் செகண்ட் லைன் பீச்சுக்கு வந்து ஒரு தட்டு அத்தோ சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும், பிசைந்து கொடுத்தவரிடம் அவர் வீட்டுப் பெரியவர்கள் எந்த வருடம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் பர்மா காலனி இருந்தால் அங்கேயும் போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். 1965இல் பதினோரு வயதில் கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.