தலைவன் இல்லாத கூட்டம்

'பட்டாளத்தார் வீடு' என்றால்தான் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர். பாட்டனார் சிப்பாய், தந்தையார் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் அதிகாரியாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. அந்த ஆசையைச் சுமந்துகொண்டே தில்லிக்குப் படிக்க வந்தேன். சென்ற ஆண்டு படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் முன் போய் நின்றேன்.

ஐந்து நாள் சோதனை. மார்பில் எண் எழுதிய துணி. திரையில் ஒரு சொல் தோன்றும். மனத்தில் பட்டதை 15 விநாடிக்குள் எழுதவேண்டும். இப்படி 60 சொற்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அதன்பின் எங்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு பலகை, ஒரு கழி, ஒரு கயிறு. இவற்றைக் கொண்டு, தரையில் கால் படாமல், ஒரு பாரத்தையும் தூக்கிக்கொண்டு குழுவினர் அனைவரும் எதிர்ப்புறம் சேரவேண்டும். உங்களுக்குத் தலைவர் எவரும் இல்லை என்று கூறிவிட்டு அதிகாரி ஒதுங்கி நின்றார்.

தலைவர் இல்லையா? நான் இருக்கிறேனே! தொண்டை கட்டும் வரையில் ஆணையிட்டேன். மெலிந்த உடலுடைய மணிப்பூர் இளைஞன் ஒருவன், "முதலில் கழியைக் கட்டிவிடலாமே" என்று இருமுறை சொன்னான். அவன் குரல் என் காதில் விழுந்தது. ஆனால் நான் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் தேறியவர்களின் எண்களைப் படித்தார்கள். அவன் எண் வந்தது. என் எண் வரவில்லை.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார் தந்தையார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்படி ஒரு சோதனையை எவன் கண்டுபிடித்தான் என்ற ஆத்திரத்தோடுதான் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். கிடைத்த பெயர் வில்ஃப்ரட் பியோன். நண்பர்களே, 1897-இல் அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? ஆக்ராவுக்குப் போகும்போது நாம் ரயிலில் கடந்து செல்லும் மதுரா! தந்தை நீர்ப்பாசனப் பொறியாளர். எட்டு வயதில் மகனை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளியை விட்டதும் பியோன் டாங்கிப் படையில் சேர்ந்தார். 1917-இல் கம்ப்ரே போரில் காட்டிய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். அப்போது வயது 20. ஆனால் அவர் நெஞ்சில் நின்றது விருது அன்று. 1918 ஆகஸ்டு 8 அன்று, ஆமியான் போரில், அவர் அருகே பதுங்கியிருந்த ஓர் இளம் வீரன் குண்டடிபட்டு விழுந்தான். என் தாய்க்குக் கடிதம் எழுதுங்கள் என்று அவன் திரும்பத் திரும்பக் கெஞ்சியதை முதுமை வரையில் பியோனால் மறக்க முடியவில்லை.

போர் முடிந்தபின் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார்; சில காலம் ஆசிரியராக இருந்தார்; பிறகு லண்டனில் மருத்துவம் பயின்று, மனநோய்க்குச் சிகிச்சை செய்பவரானார். இரண்டாம் போரில் மீண்டும் ராணுவ உடை, இம்முறை மருத்துவராக. 1942-இல் எடின்பரோவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் புதிய வாரியத்தில் பணி. அங்கேதான் தலைவனில்லாத குழு என்ற முறையை வகுத்தார். ஒருவன் தான் தேறவும் வேண்டும். அதற்குப் பிறருடைய துணையும் வேண்டும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே அவன் பிறரை எப்படி நடத்துகிறான்? அதுவே அவர் பார்க்க விரும்பியது. யார் உரக்கக் கத்துகிறான் என்பது அன்று!

1943-இல் அதே வழியில் டேராடூனில் ஒரு சோதனை வாரியம் தொடங்கியது. அதன் வழிவந்ததே நம் பல்கலைக்கழகத்துக்கு அருகில், திமார்பூரில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் உளநூல் ஆய்வு நிலையம். எத்தனை முறை அதன் வாயிலைக் கடந்திருப்பேன்!

பியோன் அத்துடன் நிற்கவில்லை. பர்மிங்ஹாம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில், போரில் மனம் உடைந்த வீரர்களைத் தனித்தனி நோயாளியாகக் கருதாமல், தம் குறையைத் தாமே ஆராயும் குழுக்களாக அமைத்தார். ஆறு வாரத்தில் மேலிடம் அதை நிறுத்திவிட்டது. ஆனால் வித்து விழுந்துவிட்டது. 1948 முதல் டாவிஸ்டாக் மருத்துவமனையில் குழுக்களை நடத்தினார். தலைமை தாங்குவார் என்று எல்லாரும் எதிர்பார்த்து அமர்ந்திருப்பார்கள். அவரோ வழிகாட்ட மறுத்துக் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். நம்மைக் காக்க ஒருவன் வரவேண்டும் என்று கூட்டம் ஏங்குவதையும், வராதபோது சினப்பதையும் அப்படித்தான் கண்டறிந்தார். அவர் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு 1957-இல் லெஸ்டரில் தலைமையைப் பற்றிய பயிற்சி மாநாடு தொடங்கியது. ஆணையிடப் பயின்ற ஒருவர், ஆணையிடாதிருப்பதன் பயனை உலகுக்குக் கற்பித்தார்!

ஏன் தேறவில்லை என்று வாரியம் எவருக்கும் சொல்வதில்லை. எனக்கு அதன்பின் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவ்வாண்டு நம் சங்கத்தின் பொங்கல் விருந்துப் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். முதல் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமல் அமர்ந்திருந்தேன். சிலருக்கு என்மேல் கோபம்கூட வந்தது. பிறகு, அதுவரை பேசாத முதலாண்டு மாணவி ஒருத்தி, "போன வருஷம் பரிமாறினவங்களுக்குச் சோறே மிஞ்சலையாமே?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இம்முறை ஏற்பாடுகள் தொடங்கின.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க கம்பெனியில ஒரு மேஜர் அய்யா இருந்தாருப்பா. மலைமேல வழி தெரியலன்னா முதல்ல எங்களைத்தான் கேப்பாரு. 'நீ என்ன நினைக்கிறே?'ம்பாரு. அவரு பின்னால எங்க வேணும்னாலும் போவோம்" என்றார். இருபது ஆண்டுப் பட்டாள வாழ்வில் அவர் அறிந்ததை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை என் எண் வருமோ, வராதோ! ஆனால் கழியை முதலில் கட்டலாம் என்று ஒருவன் சொன்னால், அதை நான் கேட்பேன்.